நானூற்றுப் பன்னிரண்டு உருப்படி

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணாச்சி. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். சங்கரி, மாமாவுக்குக் காபி போடும்மா.

ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டுப் போய், நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கிற நேரம். அப்போது பையனுடைய தாய்மாமன் மட்டும் தனியாக, முன்னால் ஒரு ஃபோன்கூடப் போடாமல், தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் அது நல்ல செய்திக்காக இருக்காது. கையில் மக்ரூன் பொட்டலம் வேறு. கெட்டதைச் சொல்லப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்கிற மரியாதை. அது புரிகிறது. மக்ரூனில் முட்டை வெள்ளை சேர்ப்பார்கள் என்று இந்த வீட்டில் நாங்கள் தொடுவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை.

யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். "குத்தாலிங்கம் வெளியிலேதான் சைவம். தினமும் சந்தையில மீன் வாங்கிட்டுப் போறாரு" என்று. அதுதானே?

தலையை ஆட்டுகிறீர்கள். நல்லது. இனி எனக்குப் பேசுவது சுலபம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, அண்ணாச்சி. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருஷம் துணி அளந்து கிழித்துக் கொடுத்தேன். "எத்தனை மீட்டர்?" என்று கேட்பேன், அவ்வளவுதான் என் பேச்சு. ஆனால் இன்றைக்குப் பேசித்தான் ஆக வேண்டும். என் மகள் கல்யாணம் ஒரு மீனால் நின்றுபோனது என்று ஊர் சொல்லக் கூடாது. ஆவுடையம்மாள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஒன்பதரைக்குத்தான் வருவாள். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். தினமும் என்பது தப்பு. இருபத்தொரு தடவை போனேன். வாங்கியது நானூற்றுப் பன்னிரண்டு மீன். அதில் ஒன்றுகூட மனுஷர் வாய்க்குள் போகவில்லை. நோட்டு இருக்கிறது, காட்டுகிறேன். இதோ பாருங்கள், மீன் என்று எழுதியிருக்காது. ஆவுடையம்மாள் கண்ணில் பட்டால் சங்கடம் என்று 'உருப்படி' என்று போட்டிருக்கிறேன். ஜவுளிக் கடைப் பழக்கம்.

மாசி ஒன்பது, வியாழக்கிழமை. காலையில் வாய்க்கால் கரையில் நடக்கப் போவேன். போக வர மூவாயிரத்து அறுநூற்று எண்பது காலடி. அன்றைக்குக் கரையில் பொக்லைன் நின்றுகொண்டிருந்தது. தூர்வாருகிறார்கள். ஓட்டுகிற பையன் டீ குடிக்கிறான். சரிந்து கிடந்த மண்ணில் ஒரு நீலச் சிறகு நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், பெரிய பறவை ஒன்று மண்ணுக்குள் நசுங்கிப் போயிருக்கிறது. குஞ்சுகள் நான்கு. மூன்று அசையவில்லை. நான்காவது வாயைத் திறந்து என்னைப் பார்த்துக் கத்துகிறது.

என்னைப் பார்த்து அப்படிக் கத்தினவர்கள் யாரும் கிடையாது, அண்ணாச்சி. கடையில் முதலாளிகூடச் சைகைதான் காட்டுவார்.

பொக்லைன் பையன் சொன்னான், "பெரியவரே, அது மீன்கொத்திக் குஞ்சு. கரையோரம் பொந்து போட்டுத்தான் குஞ்சு பொரிக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு. விட்டுட்டுப் போனீயன்னா காக்கா கொத்திரும்." பாவம், அவனுக்கும் முகம் செத்துப்போய்விட்டது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதன் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். இறகு எல்லாம் விரியாமல், உடம்பு முழுக்க ஊசி குத்திவைத்த மாதிரி. தலையைவிட அலகு பெரிது. ஆவுடையம்மாள் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, மைனா, கிளின்னாலும் சரி. மீன்கொத்தியா? பேருலயே இருக்கே! இந்த வீட்டுக்குள்ள அதைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட முடியாதே!"

அதனால் 'கொத்தி' என்று வைத்துக்கொண்டோம். கொல்லைப்புறக் குளியலறையில் பழைய அரிசிக் கூடையில் இடம் கொடுத்தோம்.

என் எண்ணம் என்னவென்றால், அண்ணாச்சி, எல்லாம் பழக்கம்தான். மீன்கொத்தி மீன் தின்கிறது என்றால் அதன் அப்பன் ஆத்தாள் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். சின்னதிலேயே நம் வீட்டுக்கு வந்துவிட்டது. நாம் பழக்குகிறபடி வளரும். பருப்புச் சாதம் பிசைந்து வைத்தேன். பால் சாதம் வைத்தேன். வாழைப்பழம், ஊறவைத்த பொட்டுக்கடலை, நெய் விட்டுக் குழைத்த இட்லி. இரண்டு நாளில் பதினான்கு தடவை ஊட்டிப் பார்த்தேன். பதினான்கு தடவையும் வாயை மூடிக்கொண்டது. என் விரல் தெரிந்தால் திறக்கும், சாதம் பட்டதும் மூடும். கடைசியில் கண்ணையும் மூட ஆரம்பித்துவிட்டது.

சங்கரி வந்து பார்த்தாள். அவள் இங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறாள், உங்களுக்குத் தெரியும். "அப்பா, இது உங்க கொள்கைக்காகச் சாகப்போகுது" என்றாள்.

அவளே வனத்துறைக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். "சின்ன மீன், பச்சையா, முழுசாக் குடுங்க. கூண்டுல போடாதீங்க. பறந்ததும் அந்த வாய்க்கால்லயே விட்டுருங்க" என்று சொன்னார்களாம். சரி, நீ போய் வாங்கிக்கொண்டு வா என்றேன். "எனக்கு நூலகம் இருக்கு. நீங்க ரிட்டயர்டு ஆளு, நீங்களே போங்கப்பா. செத்த மீன் கடிக்காது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறமும் அவள் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருப்பாள், அப்போதும் "நீங்களே போங்கப்பா"தான். பிடிவாதக்காரி. அது ஒன்றுதான் அவளிடம் குறை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உள்ளூரில் வாங்க முடியுமா? இரண்டு ஊர் தள்ளிப் போனேன். தலையில் துண்டைக் கட்டி, முகம் தெரியாமல் இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். அப்படியும் யாரோ பார்த்திருக்கிறார்கள். சந்தை வாசலிலேயே மூன்று சுற்று சுற்றினேன். உள்ளே வரிசையாகப் பெண்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். கூப்பிடாமல் இருந்தது ஒரே ஒரு அம்மாள். கால் வீங்கி, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரியபுஷ்பம் என்று பெயர். அவளிடம் போய், கடைப் பழக்கத்தில் விரலைக் காட்டி, "இரண்டு அங்குல நீளத்தில் பதினெட்டு வேண்டும்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாச்சி, மீனை அளந்தா விப்பாவ? கூறு கட்டித்தான் விப்போம். இந்தா, இது ஒரு கூறு."

"இதில் எத்தனை இருக்கும்?"

"ஏ தங்கம், இங்க பாரேன், எண்ணிச் சொல்லணுமாம்!" என்று பக்கத்துக்காரியைக் கூப்பிட்டாள். பக்கத்துக்காரி அதற்குப் பக்கத்துக்காரியைக் கூப்பிட்டாள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஆனால் எண்ணாமல் வாங்குவது எப்படி? குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணினேன். இருபத்திரண்டு இருந்தது. அதில் மூன்று கெளுத்தி. பறவைக் குஞ்சுக்கு என்று நான் சொன்னதும் அதை அவளே எடுத்துப் போட்டுவிட்டாள். "குஞ்சுக்குன்னா சொல்லுதிய? கெளுத்தி ஆகாது. முள்ளு தொண்டையில குத்திக்கிடும். அயிரை கொண்டுபோங்க, தண்ணியில போட்டு உசுரோட தாறேன்." ஒரு பெண்பிள்ளை என்னிடம் துணி விஷயம் தவிர இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மீனைத் தொட முடியவில்லை. சங்கரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கோங்கப்பா" என்றாள். மூடிக்கொண்டேன். விரல் நுனியில் ஒரு இழுப்பு. திறந்து பார்த்தால் மீன் இல்லை. கொத்தி என் விரலைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அருவருப்பில்தான், வேறென்ன. அன்றைக்கு மட்டும் பத்தொன்பது கொடுத்தேன்.

கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது, அண்ணாச்சி. தலைப்பக்கம் முதலில் போக வேண்டும். வாலைக் கொடுத்தால் செதிள் எதிர்த்துக்கொண்டு நிற்கும். அயிரை என்றால் வழவழவென்று போகும். கெண்டைப்பொடி கொஞ்சம் அகலம், பார்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கும்போது கண் பளபளவென்று இருக்க வேண்டும். குழிந்த கண் முந்தின நாள் சரக்கு. அயிரையின் வாசமே தனி… நாற்றம் என்று சொல்ல வந்தேன், வாய் தவறிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு பயம். திடீரென்று கழுத்தை நீட்டி, குலுங்கிக் குலுங்கி, சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டையைக் கக்கியது. குடலே வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். உருண்டையை ஒரு கைக்குட்டையிலும் கொத்தியை ஒரு கைக்குட்டையிலும் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் உருண்டையைக் குச்சியால் கிண்டினார். எல்லாம் முள். "ஒண்ணும் இல்லைய்யா. செரிக்காத முள்ளைத் துப்புது. நாம முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்புற மாதிரி" என்றார். அதிலிருந்து உருண்டையையும் எண்ண ஆரம்பித்தேன். ஐம்பத்தொன்று. எச்சம் போடுவதற்குப் பின்பக்கம் திரும்பிச் சுவரில் பீய்ச்சும். டேப் வைத்து அளந்தேன், அதிகபட்சம் மூன்றடி நாலு அங்குலம்.

சிரிக்கவில்லையே, அண்ணாச்சி? இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நம்பவில்லையா? குளியலறைச் சுவரில் தடம் இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் எழுந்து பாருங்கள். சரி, வேண்டாம். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

எங்கள் ஆசாரம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மாசி பதினான்கு சிவராத்திரி, மறுநாள் அமாவாசை. அந்த இரண்டு நாளும் நான் சந்தைப் பக்கம் போகவில்லை. பதிமூன்றாம் தேதியே மூன்று நாளைக்கும் சேர்த்து உயிரோடு வாங்கி வாளியில் விட்டுவைத்தேன். சிவராத்திரிக்கு வீட்டில் மூன்று பேரும் பட்டினி. கொத்தி மட்டும் இருபத்தொன்று. ஆவுடையம்மாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, திருநீற்றை எடுத்து அதன் தலையிலும் ஒரு பொட்டு வைத்தாள். "அறியாப் பிள்ளை, அதுக்கு மன்னிப்பு உண்டு" என்றாள். இப்படிப்பட்ட வீடு இது. இங்கே போய்…

மாசி இருபத்து நான்கில் முதல் தடவை பறந்தது. குளியலறைக் கதவிலிருந்து துணிக்கொடி. பதினொரு அடி. இறகெல்லாம் விரிந்து, முதுகில் அப்படி ஒரு நீலம். நான் கிழித்த துணியில் அந்த நீலத்தைப் பார்த்ததில்லை. பறக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் இரை பிடிக்கத் தெரியவில்லை. வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு, பசித்தால் என் தோளுக்கு வந்து கத்தும். இப்படியே விட்டால் ஒரு வாரம் தாங்குமா? அப்பன் ஆத்தாள் இருந்தால் கற்றுக்கொடுத்திருப்பார்கள். நான்தானே கற்றுக்கொடுக்க வேண்டும்?

கொடிக்குக் கீழே பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, உயிர் மீனைப் போட்டேன். கொத்தி மேலேயிருந்து என்னையே பார்க்கிறது. நான் குனிந்து, 'இப்படி' என்று தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு மீனைப் பிடித்துக் காட்டினேன். அது பறந்துவந்து என் கையிலிருந்து வாங்கித் தின்றுவிட்டு மறுபடி கொடிக்குப் போய்விட்டது. வயிறு நிறைந்ததும் வரவில்லை, பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டு மறுபடி மறுபடி பிடித்துக் காட்டினேன். ஒரு காலைப்பொழுதில் நாற்பத்து மூன்று தடவை. வேகம் வந்துவிட்டது எனக்கு, அண்ணாச்சி. கடைசியில் தவறவிடவே இல்லை. ஆவுடையம்மாள் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்குக் கத்துக்குடுக்கேன்னு இவுக படிச்சுக்கிட்டாக!" என்றாள். சங்கரி பக்கத்தில் வந்தாள். என் முழங்கைவரைக்கும் ஒட்டியிருந்த செதிளைத் துடைத்துவிட்டு, "சூப்பர்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பங்குனி மூன்று. அன்றைக்கும் தாம்பாளத்தில் பன்னிரண்டு மீன் விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். கொத்தி தண்ணீர்ப் பக்கமே பார்க்கவில்லை. சட்டென்று கீழே பாய்ந்து, பூசணிக் கொடிக்குள்ளிருந்து ஒரு வெட்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு, குழாயில் டப் டப்பென்று அடித்து விழுங்கியது. வெட்டுக்கிளி! இருபத்தொரு தடவை மானத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு நான் பஸ் ஏறியிருக்கிறேன், இவர் போய் வெட்டுக்கிளி பிடிக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போ" என்றேன். போய்விட்டது.

சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆவுடையம்மாள் குளியலறைப் பக்கம் போய்ப் போய் எட்டிப்பார்க்கிறாள். நாலாம் நாள் காலை வாய்க்காலுக்குப் போனேன். கரண்டுக் கம்பியில் ஒன்று. வாலில் ஒரு இறகு குறைவு, எங்கள் கதவில் மாட்டிப் பிய்ந்தது. அதுதான். கூப்பிட்டேன். தலையை மட்டும் ஒரு தடவை சாய்த்தது. பிறகு தண்ணீரில் விழுந்தது. கல் விழுந்த மாதிரி விழுந்து, எழும்பும்போது அலகில் வெள்ளையாக ஒன்று துடித்தது. கெண்டை. தலைப்பக்கம் முதலில் போனது.

நானூற்றுப் பதின்மூன்றாவதை அதுவே பிடித்துக்கொண்டது, அண்ணாச்சி. அதை நோட்டில் எழுதவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அன்றைக்குக் காலடி எண்ண மறந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

அவ்வளவுதான். இதில் ஒரு இடத்திலாவது ஓட்டை இருக்கிறதா, சொல்லுங்கள். இப்போதும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகிறேனே என்றால், அது மரியபுஷ்பத்தின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான். போன இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பேன். வாங்குவதில்லை. ஆகவே, உங்கள் அக்காவிடம் போய்த் தைரியமாகச் சொல்லுங்கள். இந்த வீட்டில் மீன் மணம் தங்கியதில்லை, இனியும் தங்காது. எங்களைவிடச் சுத்த சைவம் இந்தத் தாலுகாவில் கிடையாது.

ஏன் அண்ணாச்சி, முகம் இப்படி வாடிவிட்டது? வரும்போது நன்றாகத்தானே இருந்தீர்கள்?

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள். சந்தோஷப்பட்டீர்களா? நான் மீன் வாங்குகிறேன் என்று கேட்டா? அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்களா? எத்தனை? பதினொன்றா!

ஓ.

பையன் சாப்பிடுவாரா.

எத்தனை வருஷமாக? துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஆறு வருஷம். வாரத்துக்கு எத்தனை நாள்? ஞாயிறும் புதனும். வீட்டில் மற்றவர்கள் யாரும் தொடுவதில்லை, அவர் மட்டும்தான். இதை எப்படி எங்களிடம் சொல்வது என்று நீங்கள் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது, குத்தாலிங்கமே சந்தைக்குப் போகிறார் என்று காதில் விழுந்திருக்கிறது. இனிப் பயமில்லை, போட்டு உடைத்துவிடலாம் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். வந்த மனுஷரை உட்காரவைத்து, முக்கால் மணி நேரமாக நான்…

எழுந்திருக்காதீர்கள். அண்ணாச்சி, உட்காருங்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சங்கரி! ஏட்டி, இங்கே வா. மாமா சொல்வதைக் கேட்டாயா? கேட்கவே வேண்டாமா? ஏற்கெனவே தெரியுமா? யார் சொன்னது? அவரேவா? முதல் ஃபோனிலேயேவா? 'வேண்டாம்னா இப்பவே சொல்லிரு' என்றா? என்றைக்கு? தை இருபத்தாறு. அதாவது கொத்தி வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். நீ என்ன சொன்னாய்? 'எனக்கு ஒண்ணுமில்ல, எங்கப்பாவுக்குத்தான் டைம் வேணும்' என்றா? எதற்கு டைம்? ஏட்டி, நில்லு. கேட்கிறேன் இல்லையா?

பார்த்தீர்களா, சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். எனக்கு எதற்கு டைம் என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை. நான் சொன்னேனே, பிடிவாதக்காரி.

ஆனால் அண்ணாச்சி, ஒன்று கவனித்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடு என்று முதல் பேச்சிலேயே கேட்டிருக்கிறார். முப்பத்தெட்டு வருஷம் ஜவுளிக் கடையில் நின்றவன் நான். சாயம் போகும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்த துணியை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

நாள் குறியுங்கள். சித்திரை பன்னிரண்டு நன்றாக இருக்கிறது, நானும் பார்த்துவைத்திருக்கிறேன். ஆவுடையம்மாளிடம் மட்டும் இப்போது வேண்டாம். இன்று நீங்கள் வந்தது நாள் குறிக்க, அவ்வளவுதான். நிச்சயத்துக்கு மூன்று நாள் முன்னால் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பேசமாட்டாள். இரண்டாம் நாள் அழுவாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வேறு என்ன பிடிக்கும் என்று கேட்பாள். அதற்குமேல் அவளுக்கு நாள் தேவைப்படாது.

கேட்டைத் திறக்கும் சத்தம். வந்துவிட்டாள். மெதுவாகப் பேசுங்கள்.

அண்ணாச்சி, ஒன்றே ஒன்று. தூத்துக்குடியில் அயிரை, கெண்டையெல்லாம் கிடைக்காதே? எல்லாம் கடல் சரக்குதானே? எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை வரும்போது கேட்டுக்கொள்கிறேன். சும்மா, தெரிந்துவைத்துக்கொள்ளத்தான்.